மலை தந்த எம்.எல்.ஏ.

2025-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, வியாழக்கிழமை. தீபாவளி முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கொல்லிமலையிலிருந்து துக்கச் செய்தி ஒன்று வந்தது. சேந்தமங்கலம் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் திரு. கே. பொன்னுசாமி மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 74. தி.மு.க.வைச் சேர்ந்தவர். இரண்டு முறை அந்தத் தொகுதியிலிருந்து கோட்டைக்குப் போனவர்.

மறுநாள் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இரங்கல்கள் வந்தன. பிறகு மற்றச் செய்திகள் வந்து இதை மூடிவிட்டன. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு எம்.எல்.ஏ.யின் மறைவு, அவ்வளவுதான். ஆனால் மலைமேல் இருக்கும் ஜனங்களுக்கு அது வேறு விஷயம். ஏன் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை எத்தனை? இரண்டே இரண்டு! ஒன்று சேந்தமங்கலம். இன்னொன்று ஏற்காடு. அந்த இரண்டில் ஒன்று காலியாயிற்று.

பதினான்கு நாடுகள்

கொல்லிமலை நாமக்கல் ஜில்லாவில் இருக்கிறது. முன்பு இது சேலம் ஜில்லாவாக இருந்தது. 1997-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி ஜில்லா ஆயிற்று. அடிவாரத்தில் காரவள்ளி என்ற ஊர். அங்கிருந்து மேலே ஏறவேண்டும். பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே ஏறலாம், தலை சுற்றாமல் இருந்தால்!

மேலே போனால் காற்றே வேறு. மிளகுக்கொடி மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும். காப்பிச் செடி இருக்கும். பலாவும் அன்னாசியும் வாழையும் விளையும். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்கள் பலவற்றில் இப்போது மரவள்ளிக் கிழங்கு நிற்கிறது. மரவள்ளியை விற்றால் கைக்குக் காசு வரும். சாமை வயிற்றுக்குச் சோறு போடும். காசுக்கும் சோற்றுக்கும் நடந்த போட்டியில் காசு முந்திக்கொண்டது.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. கடையெழு வள்ளல்களில் அவனும் ஒருவன். ஆடி மாதம் 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அவனுக்குச் சர்க்கார் விழா எடுக்கிறது. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இங்கேதான் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள், குளிக்கிறார்கள், கும்பிடுகிறார்கள், இறங்கிப் போய்விடுகிறார்கள்.

இறங்கிப் போகாமல் அங்கேயே வாழ்கிற ஜனங்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்கள் என்றும், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்றும் அவர்களுடைய முன்னோர் கதை சொல்கிறது. தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் பெரிய சமூகம் இவர்கள்தான். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

மலையில் 14 கிராம ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் 'நாடு' என்று பெயர். தேவனூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, ஆலத்தூர் நாடு என்று போகிறது வரிசை. நாடு என்றவுடன் பெரிய தேசத்தை நினைத்துவிடாதீர்கள். சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஒரு சிற்றூருக்கும் அடுத்த சிற்றூருக்கும் நடுவில் ஓடையோ பள்ளமோ காடோ இருக்கும். முற்காலத்தில் ஊருக்கு ஊர்க்கவுண்டர், அவருக்கு மேலே பட்டக்காரர் என்று அவர்களே வழக்குத் தீர்த்துக்கொண்டார்கள். சண்டை வந்தால் கீழே இறங்கவேண்டிய அவசியம் இல்லை.

காலம் மாறியது. பட்டா கீழே இருக்கிறது. சான்றிதழ் கீழே இருக்கிறது. கோர்ட்டு கீழே இருக்கிறது. சட்டம் செய்கிற கோட்டையோ 350 கிலோ மீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறது. மலைக்கும் கோட்டைக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எம்.எல்.ஏ.

இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி

திரு. பொன்னுசாமியின் அரசியல் வாழ்வைத் தேர்தல் கணக்கிலேயே சொல்லிவிடலாம்.

2006-ம் ஆண்டு தேர்தலில் தி.மு.க. அபேட்சகராக நின்றார். ஜெயித்தார். அந்த ஆண்டு கலைஞர் கருணாநிதி முதல் மந்திரி ஆனார்.

2011-ல் மறுபடி நின்றார். தோற்றார். அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற தே.மு.தி.க.வின் திருமதி ஆர். சாந்தி ஜெயித்தார்.

2016-ல் மூன்றாம் முறை நின்றார். அப்போதும் தோல்வி. அ.தி.மு.க.வின் திரு. சி. சந்திரசேகரன் வென்றார்.

2021-ல் நான்காம் முறை நின்றார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தேர்தலில் ஒரு விசேஷம். பதவியில் இருந்த திரு. சந்திரசேகரனுக்கு அவர் கட்சி மீண்டும் இடம் தரவில்லை. அவர் சுயேச்சையாக நின்றுவிட்டார். அ.தி.மு.க. வேறொருவரை நிறுத்தியது. திரு. பொன்னுசாமி ஜெயித்தார். பத்து ஆண்டு வெளியே இருந்த பிறகு மீண்டும் கோட்டைக்குப் போனார். திரு. மு. க. ஸ்டாலின் முதல் மந்திரி ஆனார்.

ஒரு முறை தோற்றால் ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு முறை தோற்றால் கட்சியே ஒதுக்கிவிடுவதும் உண்டு. இவர் ஒதுங்கவும் இல்லை, ஒதுக்கப்படவும் இல்லை. பொறுமை அரசியலில் அரிதான குணம். அந்தக் குணம் இவரிடம் இருந்தது என்பதற்கு இந்த நான்கு தேர்தல்களே சாட்சி.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2006-ல் தி.மு.க. 2011-ல் தே.மு.தி.க. 2016-ல் அ.தி.மு.க. 2021-ல் மறுபடி தி.மு.க. நான்கு தேர்தலிலும் சேந்தமங்கலம் ஆளை மாற்றிக்கொண்டே வந்தது. ஒருவரையும் அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பவில்லை. நான்கு முறையும் அந்தத் தொகுதி, ராஜ்யம் முழுவதும் ஜெயித்த கூட்டணியின் பக்கமே நின்றது. ஜனங்கள் எதையோ தேடினார்கள். கிடைக்கவில்லை என்று ஆளை மாற்றினார்கள். மாற்றியும் தேடல் நிற்கவில்லை.

அவர்கள் தேடியது என்ன? ஆளை மாற்றினால் மட்டும் அது ஏன் கிடைக்கவில்லை? அதைப் பார்ப்போம்.

யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

தனித் தொகுதி என்றால் என்ன? இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பழங்குடித் தொகுதியில் பழங்குடியினர் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நிற்பவர் பழங்குடியாக இருக்கவேண்டும். ஓட்டுப் போடுகிறவர் யாராகவும் இருக்கலாம்.

சேந்தமங்கலம் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். கொல்லிமலையின் மொத்த ஜனத்தொகையோ, கைக்குழந்தைகளையும் சேர்த்து, சுமார் 40 ஆயிரம்தான். மற்ற ஓட்டுகள் எங்கே? கீழே இருக்கின்றன. சேந்தமங்கலம், எருமப்பட்டி, காளப்பநாய்க்கன்பட்டி என்று சமவெளியில் இருக்கின்றன. மலை ஓட்டை மட்டும் வாங்கி யாரும் ஜெயிக்க முடியாது. கீழே ஓட்டு வாங்கினால்தான் மேலே இருப்பவர் எம்.எல்.ஏ. ஆகலாம்!

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? 1932-ம் ஆண்டில் ஏரவாடா சிறையில் காந்திஜிக்கும் டாக்டர் அம்பேத்கர் முதலிய தலைவர்களுக்கும் இடையே பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல் வேண்டாம். இடம் தனி, ஓட்டு பொது என்று அதில் முடிவாயிற்று. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் பழங்குடிகளுக்கும் அதே முறையை வைத்தது. முதலில் பத்து ஆண்டுகளுக்கு என்றுதான் எழுதினார்கள். பிறகு பத்துப் பத்து ஆண்டாக நீட்டினார்கள். இப்போது 2030 வரை நீட்டப்பட்டிருக்கிறது.

வேறு முறை உலகத்தில் இல்லையா? இருக்கிறது. நியூஸிலாந்து தேசத்தின் பூர்வ குடிகள் மாவோரிகள். அவர்களுக்கு 1867-ம் ஆண்டிலேயே பார்லிமெண்டில் நான்கு இடங்கள் ஒதுக்கினார்கள். இப்போது ஏழு. மாவோரிப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே அந்த ஏழு பேரையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எது நல்ல முறை? இரண்டிலும் நன்மை உண்டு. இரண்டிலும் குறை உண்டு. தனியாக ஓட்டுப் போட்டால் தன் ஜனத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். ஆனால் மற்றவர்கள் 'அது அவர்கள் விவகாரம்' என்று ஒதுங்கிவிடுவார்கள். பொதுவாக ஓட்டுப் போட்டால் எல்லோரும் சேர்ந்து வாழப் பழகலாம். ஆனால் சிறு கூட்டத்தின் குரல் பெருங்கூட்டத்தின் இரைச்சலில் அமுங்கிப்போகலாம்.

நம்முடைய முறையை மாற்றச் சொல்லி நாம் வாதாடவில்லை. ஆனால் அந்த முறை ஒரு எம்.எல்.ஏ.யை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். மலையின் நிலத்தைக் காக்க அவர் பேசினால், மலையில் தோட்டம் வாங்க நினைக்கும் சமவெளிக்காரர் முகம் சுளிக்கலாம். அவரிடமும் ஓட்டு இருக்கிறது! கத்திமேல் நடப்பது போன்ற வேலை அது. மலையிலிருந்து போகிற எந்த எம்.எல்.ஏ.வுக்கும் அந்தக் கத்தி காத்திருக்கிறது.

மூன்று இரண்டானது

2008 வரை தமிழ்நாட்டில் பழங்குடித் தொகுதிகள் மூன்று. சேந்தமங்கலம், ஏற்காடு, திருச்சி ஜில்லாவில் உப்பிலியபுரம். பச்சைமலை ஜனங்களுக்கு உப்பிலியபுரம் ஒரு வாசலாக இருந்தது. தொகுதி எல்லைகளை மாற்றியபோது உப்பிலியபுரம் மறைந்துவிட்டது.

கணக்கு எளியது. 2001-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகள் சுமார் 6 லட்சத்து 51 ஆயிரம் பேர். மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவரைக் காட்டிலும் சற்றே அதிகம். 234 இடங்களில் அந்தப் பங்கு இரண்டே கால், இரண்டரை என்று வரும். பின்னத்தை விட்டுவிட்டு இரண்டு என்று எழுதிவிட்டார்கள்.

காகிதத்தில் பின்னம் சின்னதுதான். பச்சைமலை ஜனங்களுக்கு அது ஒரு முழு எம்.எல்.ஏ.! நீலகிரித் தோடர்களும், இருளர்களும், காணிக்காரர்களும், சித்தேரி மலை மக்களும், ஜவ்வாது மலை மக்களும் தங்களவர் என்று சட்டசபையில் பார்க்கக்கூடியவர்கள் இந்த இரண்டு பேர்தான். ஆகவே சேந்தமங்கலத்து எம்.எல்.ஏ. சேந்தமங்கலத்துக்கு மட்டும் எம்.எல்.ஏ. அல்ல. கேட்காமலே அவர் தலைமேல் ராஜ்யத்துப் பழங்குடிகளில் பாதிப் பேரின் பாரம் ஏறிவிடுகிறது.

அந்த இடம் காலியானால் என்ன ஆகும்? ஏற்காட்டில் 2013-ல் அப்படி நடந்தது. எம்.எல்.ஏ. திரு. பெருமாள் ஜூலையில் காலமானார். டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்தது. அவர் மனைவி திருமதி சரோஜா ஜெயித்தார். ஐந்து மாதத்தில் குறை தீர்ந்தது.

சேந்தமங்கலத்துக்கு அந்த வழி இல்லை. காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தவேண்டும் என்பது சட்டம். ஆனால் மீதி ஆயுள் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்தவேண்டியதில்லை என்பதும் அதே சட்டம். திரு. பொன்னுசாமி அங்கம் வகித்த சட்டசபையின் ஆயுள் 2026 மே வரைதான். சட்டப்படி தவறு இல்லை. ஆனால் இரண்டு நாற்காலி உள்ளவர்களுக்கு ஒரு நாற்காலி காலி என்பது பாதி வீடு இருட்டு என்பது போல!

எம்.எல்.ஏ. என்னதான் செய்யலாம்?

ரோடு போடுவது, குழாய் போடுவது, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டுவது - இவைதான் எம்.எல்.ஏ.வின் வேலை என்று நாம் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். அந்தப் பணம் அவர் கைக்கு வராது. அவர் வேலையைச் சொல்லுவார், அதிகாரிகள் செய்வார்கள். பெரிய தொகையாகத் தோன்றும். தொகுதி முழுவதற்கும் பங்கிட்டால், மலைக்கு வருவது எவ்வளவு? பாறையை வெட்டி, ஓடைக்குப் பாலம் கட்டி, மழையில் சரியாமல் ஒரு மலை ரோடு போடச் சமவெளி ரோட்டைவிடச் செலவு அதிகம்.

ஆனால் இது எம்.எல்.ஏ.வின் சின்ன வேலை. பெரிய வேலை வேறு. அவர் சட்டம் செய்கிற சபையின் அங்கத்தினர். அந்தச் சபையில் கேள்வி கேட்கலாம். மந்திரி எழுந்து பதில் சொல்லவேண்டும். மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். அவசர விஷயமானால் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். ஜனங்களின் விண்ணப்பத்தை மனுக்கள் குழுவுக்கு அனுப்பலாம். இதற்கெல்லாம் 3 கோடி வேண்டாம். தைரியமும் படிப்பும் உழைப்பும் வேண்டும்.

மலைக்குச் சட்டசபையில் கேட்கவேண்டிய கேள்விகள் எவை? மூன்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, நிலம். இந்தியாவில் பழங்குடிகள் மிகுதியாக வாழும் பகுதிகளை அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். பத்து ராஜ்யங்களில் அப்படிப் பகுதிகள் உண்டு. ஆந்திராவில் உண்டு, ஒடிசாவில் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் அங்குல நிலம்கூட அதில் இல்லை. கொல்லிமலையும் இல்லை, கல்வராயன் மலையும் இல்லை. பழங்குடியின் நிலத்தை மற்றவர் வாங்கக்கூடாது என்று தடுக்கத் தனிச் சட்டமும் இங்கே இல்லை. சர்க்கார் நிபந்தனையோடு கொடுத்த நிலத்துக்குத்தான் பாதுகாப்பு. கல்யாணச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் விற்ற நிலம் போனது போனதுதான்.

ஜார்க்கண்டைப் பாருங்கள். அங்கே 1908-ம் ஆண்டிலிருந்து சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டம் இருக்கிறது. பழங்குடி நிலம் வெளியாருக்குப் போவதை அது தடுக்கிறது. 2016-ல் அதைத் திருத்த அங்குள்ள சர்க்கார் மசோதா கொண்டுவந்தது. பழங்குடிகள் கிளர்ச்சி செய்தார்கள். கவர்னர் மசோதாவில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். அந்தக் கவர்னர் யார் தெரியுமா? இன்னொரு பழங்குடித் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ.! ஒடிசாவில் ராய்ரங்பூர் நகரசபையில் 1997-ல் கவுன்சிலராகப் பொதுவாழ்வைத் தொடங்கியவர். 2000-லும் 2004-லும் எம்.எல்.ஏ. ஆனவர். 2022-ம் ஆண்டில் இந்தியாவின் ஜனாதிபதி ஆனவர். திருமதி திரௌபதி முர்முதான் அவர். தனித் தொகுதி எம்.எல்.ஏ. பதவி சின்னப் படி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, காடு. பரம்பரையாகக் காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு உரிமை தரும் சட்டம் 2006-ல் டில்லியில் நிறைவேறியது. தமிழ்நாட்டில் 2008-ல் ஹைகோர்ட்டு உத்தரவால் பட்டா கொடுப்பது தடைப்பட்டது. 2016-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு வழி திறந்தது. எட்டு ஆண்டு வீணாயிற்று. எட்டு ஆண்டு என்றால் ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும். அந்தக் காலத்தை ஈடுசெய்ய மனுக்களை விரைந்து முடிக்கச் சொல்லவேண்டாமா?

மூன்றாவது, ஆலோசனைக் கவுன்சில். அட்டவணைப் பகுதி இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டில் பழங்குடிகள் ஆலோசனைக் கவுன்சில் அமைக்க ஏற்பாடு உண்டு. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இடம் பழங்குடி எம்.எல்.ஏ.க்களுக்கு என்று அரசியல் சட்டம் சொல்கிறது. இங்கே அத்தனை பேருக்கு எங்கே போவது? இருப்பதே இரண்டு பேர்! மீதியைப் பழங்குடிகளில் மற்றவர்களைக் கொண்டு நிரப்பவேண்டும். அந்தக் கவுன்சில் அடிக்கடி கூடவேண்டும். கூடியதில் பேசியதை மலைக்கு மலை சொல்லவேண்டும். இதை வற்புறுத்துவது அந்த இருவரின் கடமை.

ஒரு பழைய பெரியவர்

அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் ஜெய்பால் சிங் முண்டா என்று ஒருவர் இருந்தார். பழங்குடி வகுப்பில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கிக் கோஷ்டிக்குக் காப்டனாகப் போனவர். இந்தியா முதல் தங்கப் பதக்கம் வாங்கியது அந்த ஒலிம்பிக்கில்தான். பெரிய பெரிய வக்கீல்கள் நிறைந்த சபையில், தான் காட்டு மக்களின் பிரதிநிதி என்பதை அவர் மறைக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. பழங்குடிகளுக்கு ஜனநாயகம் புதிதல்ல என்று எடுத்துச் சொன்னார்.

கொல்லிமலை ஊர்ப் பஞ்சாயத்தை அறிந்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். நாடு கூடிப் பேசி முடிவு செய்த ஜனங்கள் அவர்கள். பேசத் தெரியாதவர்கள் அல்ல. கேட்க ஆள் இல்லாதவர்கள்.

செய்யவேண்டியவை

கட்சிகளுக்கு ஒரு வார்த்தை. சேந்தமங்கலத்துக்கும் ஏற்காட்டுக்கும் அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும்போது, கீழே ஓட்டு வாங்குவாரா என்று மட்டும் பார்க்கிறீர்கள். மேலே பேர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதினான்கு நாட்டிலும் நடந்து விசாரியுங்கள். பெண்களிடமும் கேளுங்கள். சாந்தி போன்ற பெண்மணியை அனுப்பிய தொகுதி அது.

எம்.எல்.ஏ.வாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கட்சியாயினும் சரி. மாதத்தில் ஒரு நாளைக் குறித்துச் செம்மேட்டில் உட்காருங்கள். அடுத்த மாதம் தேவனூர் நாட்டில் உட்காருங்கள். அதற்கடுத்த மாதம் வேறொரு நாடு. பதினான்கு மாதத்தில் மலை முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். மனு கொடுக்க ஒரு நாள் கூலியை இழந்து, 70 வளைவு இறங்கி ஏறும் கிழவிக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. தொகுதி நிதியில் எந்த நாட்டில் என்ன வேலை, எவ்வளவு ரூபாய் என்று எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரும் படித்துக் கேள்வி கேட்கட்டும்.

சர்க்காருக்கு ஒரு வார்த்தை. பழங்குடி நிலத்தைக் காக்க ஒரு சட்டம் தேவை. மற்ற ராஜ்யங்கள் செய்ததை, சமூக நீதியில் முன்னோடி என்று பெயர் எடுத்த தமிழ்நாடு செய்யாமல் இருப்பது அழகல்ல. மூன்று தொகுதி இரண்டானபோது போன குரலுக்கு ஈடாக, ஆலோசனைக் கவுன்சிலுக்காவது உயிர் கொடுக்கவேண்டும்.

சமவெளி வாக்காளர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஓட்டில்தான் மலையின் எம்.எல்.ஏ. பிறக்கிறார். இது உங்களுக்குக் கிடைத்த பொறுப்பு. 'அவர் மலைக்கே எல்லாம் செய்கிறார்' என்று குறை சொல்லாதீர்கள். மலையில் பெய்த மழைதான் உங்கள் கிணற்றில் ஊறுகிறது. மலையின் காடு அழிந்தால் உங்கள் கிணறும் வற்றும்.

மலை ஜனங்களே, உங்களுக்குச் சொல்வது இதுதான். எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகும்போது கும்பிட்டுக்கொண்டு போகாதீர்கள், கேள்வியோடு போங்கள். 'சட்டசபையில் எங்களைப் பற்றி என்ன பேசினீர்கள்?' என்று கேளுங்கள். ரோடு கேட்பது நியாயம். நிலத்துக்குச் சட்டம் கேட்பது அதைவிட நியாயம். ரோடு பத்து வருஷத்தில் தேய்ந்துவிடும். நல்ல சட்டம் பேரன் காலத்திலும் நிற்கும்.

திரு. பொன்னுசாமி மறைந்துவிட்டார். நான்கு முறை நின்று, இரண்டு முறை தோற்று, எழுபதை ஒட்டிய வயதிலும் மலையின் பேரால் கோட்டைப் படி ஏறியவர். அவருக்கு மாலை போட்டாயிற்று; இரங்கலும் படித்தாயிற்று. அவர் உட்கார்ந்த நாற்காலியின் அருமையை நாம் உணர்ந்தால்தான் அந்த மரியாதை முழுமையாகும். தமிழ்நாட்டில் அப்படி நாற்காலி இரண்டே இரண்டுதான் இருக்கிறது.